ஒன்றில் முடிந்த எண்

கொல்லிமலைக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் நானும் ஒரு கனெக்‌ஷன் வாங்கினேன். பக்கத்து வீடு என் கூடப்பிறந்த அண்ணனுடையது. அவர் மகள் வெளிநாட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுவாள். அதற்காக என் மோடத்திலிருந்து பலாமரத்து வழியாக அவர்கள் வீட்டுக்கும் ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தேன். அப்போது எனக்கு நல்ல மனசுதான்.

ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ஃபயர்வால் ஒன்றைப் போட்டதில்தான் சனி பிடித்தது. கம்ப்யூட்டருக்குள் யாராவது நுழையப் பார்த்தால் தடுத்து, வந்தவரின் எண்ணைக் குறித்து வைக்குமாம். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஒரே எண், 192.168.1.1. தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது என்று வரிசையாக நின்றது. மிளகுக் காட்டு வரப்பை அண்ணன் தள்ளிப் போட்டுவிட்டார் என்று தாசில்தாருக்கு நான் கமுக்கமாக அடித்துக்கொண்டிருந்த மனு அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

என் எண்ணைத் தேடிப் பார்த்தேன். 192.168.1.2. அகப்பட்டார் ஆள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் காடு பங்கு போட்டாலும் சரி, கோயிலில் பொங்கல் வைத்தாலும் சரி, மூத்தவருக்குத்தான் முதலிடம். லைனில் இருப்பது இரண்டே வீடு. நான் இரண்டு என்றால் ஒன்று வேறு யார்?

அதன் பிறகு அவர் வாயைத் திறந்தாலே எனக்கு எரிந்தது. "என்ன கண்ணு, பொட்டி முன்னாடியே குந்தீட்டிருக்கற?" என்று கேட்டார். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஆழம் பார்க்கிறார் என்று பட்டது. அண்ணி மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைத்தார். இது என்ன திடீர்க் கரிசனம் என்று அதைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கேபிளை மோடத்திலிருந்து பிடுங்கிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏன் கண்ணு, லைன் போயிருச்சா?"

"ஆமாங்கண்ணா, மலைக்கே இல்லீங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்து ஃபயர்வாலைப் பார்த்தேன். அதே 192.168.1.1, இப்போதும் வந்துகொண்டிருந்தது. கேபிள் என் காலடியில் கிடந்தது.

கம்ப்யூட்டர் விற்ற நாமக்கல் கடைக்காரருக்கு போன் போட்டேன். அவர் சிரித்தார். "192.168-ன்னு ஆரம்பிச்சா அது உங்க கனெக்‌ஷனுக்குள்ளயே இருக்கற நம்பருங்க. வெளியாளு இல்லீங்க. ஒன்னுல முடியறது உங்க மோடமுங்க. அது பாட்டுக்கு இருக்கியான்னு கேக்கும், உங்க ஃபயர்வால் அதையப் போயித் தடுத்திருக்குது."

சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. கேபிளைச் செருகிவிட்டு ஓடினேன். நேரம் தாண்டிவிட்டது. அந்தப் பெண் டியூட்டிக்குப் போயிருப்பாள். அண்ணி புதுச்சேலை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"லைன் வந்துருச்சுங்க" என்றேன்.

அண்ணன் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"காலைல ஏணி மேல நின்னு மொளகு பறிச்சுட்டிருந்தேன் கண்ணு. ஜன்னல்ல நீ வயரப் புடுங்குனதப் பாத்தேன். உன்ற அண்ணிகிட்டச் சொல்லல. சொன்னா அப்புறம் அவ உன்ற ஊட்ல தண்ணி குடிக்க மாட்டா."