பெரிய மனிதர் குடித்த சாட்டித் தண்ணீர்

அறுபதுகளில் எங்கள் தீவில் மேடை ஏறியவர்கள் எல்லாரும் உலகத்தைத்தான் பேசினார்கள். உலக யுத்தம் ஓய்ந்துவிட்டதாம். நாடுகள் எல்லாம் ஒரே மண்டபத்தில் கதிரை போட்டிருந்து பேசுகின்றனவாம். இனி மனிதகுலத்துக்கு விடிவுதானாம். அப்போதுதான் ஆசிரியை வேலை கிடைத்திருந்த நானும் அதை நம்பினேன், பிள்ளைகளுக்கும் அதையே படிப்பித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுக்கு விடிவு என்றால் ஒரு தண்ணீர்க் குழாய். எங்கள் கிணறு உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் தூரத்தில், சாட்டி என்ற கடற்கரை ஊரின் கிணறுகளில்தான் இருந்தது. மாட்டு வண்டில் கிடைத்த நாளில் வண்டிலில் வரும், கிடைக்காத நாளில் அக்காவின் இடுப்பில் வரும். அக்காவின் கணவர், அத்தான், தெற்கே கடை வைத்து அங்கேயே இருந்தார். அக்காவுக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியிருந்தது. பாரம் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்து அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அவள் குடத்தோடு போய்விடுவாள்.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், அவரிடம் குழாய் கேட்கலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. வரவேற்புக்கு அப்பாதான் பொறுப்பு. நிறைகுடம் வைத்தார்கள், மாவிலை கட்டினார்கள். அதோடு விட்டார்களா? அவர் குடிப்பதற்கென்று அக்கா சாட்டித் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள்.

“எங்கட கிணத்துத் தண்ணியைக் குடுங்கோவன். குடிச்சால்தானே அவருக்கு விளங்கும்?” என்று அப்பாவிடம் சொன்னேன்.

“வந்த மனிசருக்கு உவர்த்தண்ணி குடுக்கிறதோ? உனக்கென்ன விசரே?”

பெரிய மனிதர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், பேசினார். அணுகுண்டு செய்த விஞ்ஞானம் நாளைக்குக் கடலையே குடிநீராக்கும் என்றார். சனம் கைதட்டியது. ஊர்ச் சார்பில் அப்பா குழாய் கேட்டார். பெரிய மனிதர் கிளாஸைத் தூக்கிக் குடித்துவிட்டுச் சிரித்தார்.

“தேன்போல இருக்கிறது. இப்படித் தண்ணீர் உள்ள ஊருக்குக் குழாய் எதற்கு?”

அதற்கும் கைதட்டினார்கள்! யாராவது ஒருவர் எழும்பி, இது எங்கள் தண்ணீர் இல்லை என்று சொன்னாரா? விருந்தாளி முன்னால் ஊர் குறைந்துபோகக் கூடாதாம்.

அவர் இன்னுமொரு கிளாஸ் கேட்டார். நான் ஓடிப்போய் எங்கள் கிணற்றில் அள்ளிக் கொண்டுவந்தேன். மேடைப் படியில் அப்பா மறித்தார். கிளாஸைப் பறித்து, முகம் சுளிக்காமல் தானே குடித்து முடித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, “சாட்டியில இன்னும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை” என்றார்.

“ஓம் அப்பா” என்று அவள் குடத்தை எடுக்கக் குனிந்தாள்.

“உங்கட மானத்துக்கு அக்காவே சுமக்கிறது?” என்று கத்திவிட்டுக் குடத்தை நான் பறித்தேன். ஒலிபெருக்கி பின்னாலிருந்து புதிய உலகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டேயிருந்தது.

நிறைந்த குடத்தோடு திரும்பி வரும்போது அவருடைய கார் எதிரே வந்தது. புழுதி குடத்திலும் விழுந்தது. யன்னலால் ஒரு கை என்னைப் பார்த்து அசைந்துவிட்டுப் போனது.

அப்பா வீட்டு வாசல் படலையில் நின்றார். “நல்ல மனிசன். ஒரு குறையும் சொல்லாமல் போனார்.”

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, அக்கா அந்தக் குடத்தைச் சாம்பல் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வண்டில் இல்லை.