தூளிப் பக்கத்துச் சுவர்

என் அம்மா என் புத்தகத்தைப் பிரித்துச் சுவரில் ஒட்டினாள். எனக்கு அப்போது பத்து வயது. இன்று ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, பேரப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. இருந்தும் இதை எழுத உட்கார்ந்தவுடன் காது சூடாகிறது. என் கோபத்தைப் பற்றி வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இது என்னிடம் இருக்கும் கதை.

புத்தகத்தைச் சுவரில் ஒட்டுவது என்றால் என்னவென்று கேமரன் மலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பலகைச் சுவர். பலகைகள் வருசத்துக்கு வருசம் சுருங்கி, இடையில் விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு விட்டிருக்கும். கோலாலம்பூர்க்காரர்கள் காசு செலவழித்துக் காரில் வந்து, சுவெட்டர் மாட்டிக்கொண்டு, "ஆஹா, என்ன குளிர்!" என்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அதே குளிர் எங்கள் வீட்டுக்குள் இலவசமாக வந்து படுத்துக்கொள்ளும். துரை பங்களாவில் கணப்பு அடுப்பு எரியும், புகைபோக்கியில் புகை வருவது எங்கள் வாசலிலிருந்தே தெரியும். எங்கள் பலகையை மாற்றித் தரச்சொல்லி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் அப்பா கேட்டபோதெல்லாம் "அடுத்த வருசம்லா" என்றார் கிராணி. அந்த அடுத்த வருசம் நாங்கள் தோட்டத்தை விட்டுப் போகும்வரை வரவில்லை. அதை நினைத்தாலும் எனக்குக் கோபம்தான்.

ஆகவே ஒவ்வொரு தீபாவளிக்கும் லயம் முழுக்கக் காகிதம் ஒட்டுவோம். கோதுமை மாவைக் காய்ச்சி, கரப்பான் அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, பழைய நாளிதழ், வார இதழ் எது கிடைத்தாலும் பலகையோடு படியவைத்துத் தேய்த்துவிடுவோம். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தச் சுவர்களில்தான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. படம் இருக்கிற பக்கத்தைப் படத்தைப் பார்த்து நேராக ஒட்டிவிடுவாள். படம் இல்லாத பக்கம் பாதிக்குப் பாதி தலைகீழாகத்தான் நிற்கும். நானும் பலகைக் கட்டிலில் மல்லாந்து, தலையை விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டுப் படிப்பேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, ஒரு கதை சூடுபிடிக்கும் இடத்தில் பக்கம் முடிந்து, தொடர்ச்சி மறுபக்கத்தில் இருப்பது. மறுபக்கம் பலகையோடு ஒட்டிக்கிடக்கும்.

"அம்மா, மறுபக்கம் செவுத்துக்குள்ள போயிருச்சும்மா!"

"போனா என்ன? பலகையும் கொஞ்சம் படிச்சுட்டுப் போவட்டும்."

வருசா வருசம் இந்தச் சண்டை எங்கள் வீட்டில் உண்டு. தீபாவளி முறுக்கு மாதிரி அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

புத்தகத்துக்கு வருகிறேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் லோரி ஏறித் தானா ராத்தா டவுனுக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்கி வருவார். அதோடு தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும் வார இதழ் ஒன்றும் வரும். இரண்டு மூன்று மாதம் பழசாக இருக்கும், அதுவும் வரிசையாக வராது. அதில் ஒரு தொடர்கதை. காணாமல்போன அண்ணனைத் தேடி ஓர் உப்பு வணிகரின் மகள் ஆண்வேடம் போட்டுக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக அலைவாள். பன்னிரண்டாம் வாரம் கிடைக்கும், பதின்மூன்று கிடைக்காது, பதினைந்து வந்துவிடும். பதின்மூன்றை ஆறு மாதம் கழித்து முடிவெட்டும் கடையிலிருந்து அப்பா கேட்டு வாங்கி வருவார். அவள் சிறையிலிருந்து தப்பிய பிறகுதான் அவள் எதற்காகச் சிறைக்குப் போனாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்கான நேரம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாடின். டின் மீனைப் பெரிய வெங்காயமும் அரைத்த மிளகாயும் புளியும் போட்டு, எண்ணெய் பிரியும்வரை அம்மா பிரட்டுவாள். கூட முட்டைக்கோஸ் பொரியல். கேமரன் மலையில் பிறந்தவள் முட்டைக்கோசிலிருந்து தப்ப முடியாது. காலியான டின்னுக்குள் சுடுசோற்றைப் போட்டுக் கிளறிச் சாப்பிடும் உரிமை ஒரு வாரம் அப்பாவுக்கு, ஒரு வாரம் எனக்கு. பிறகு இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி, அதில் தோய்த்துத் தின்ன கிரேக்கர் பிஸ்கட். அப்பா படிக்க ஆரம்பிப்பார். அம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். கேட்பாள் என்றால் சும்மா இல்லை. கதையில் வரும் சுங்கக்காரனை "நாசமாப் போறவன், அந்தப் புள்ளையப் போட்டு என்ன பாடு படுத்துறான்" என்று வாய்விட்டுத் திட்டுவாள். "அண்ணன கண்டுபிடிச்சிருமாங்க?" என்று வாரா வாரம் அப்பாவைக் கேட்பாள். அப்பா, "எனக்கு மட்டும் என்னா தெரியும்?" என்பார்.

கிடைத்த அத்தியாயங்களையெல்லாம் அப்பா வெட்டி அடுக்கி வைத்திருந்தார். விட்டுப்போனவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, அந்தச் சனிக்கிழமை கடைசி அத்தியாயமும் வந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்த கையோடு எல்லாவற்றையும் கோணி ஊசியால் தைத்து, நாள்காட்டி அட்டை போட்டு, மேலே என் பெயரை எழுதினார். எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் புத்தகம் அதுதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கடைசி அத்தியாயத்தை நான் தனியாகப் படித்துவிடக்கூடாது, மறுநாள் சாடினுக்குப் பிறகு எல்லோருக்கும் நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும். அப்பாவுக்குப் பதிலாக நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மதிய வேலைக்குப் போனதும் புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்த்தேனே தவிர, கடைசிப் பக்கத்தைத் திறக்கவில்லை. அந்த வயதில் அவ்வளவு நேர்மையாக நான் வேறெதிலும் இருந்ததில்லை.

தம்பி பிறந்து அப்போது இரண்டு மாதம். அந்த வாரம் முழுக்க அடைமழை. தம்பியின் தூளி கட்டியிருந்த பக்கத்துச் சுவரில் சாரல் இறங்கி, தீபாவளிக்கு ஒட்டிய காகிதமெல்லாம் ஊறிப் பிதுங்கி விழுந்துவிட்டது. தம்பிக்கு நெஞ்சில் சளி. கர் கர் என்று இழுத்தான். காலையில் வந்து பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர், பிள்ளைமேல் காற்றுப் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மண்டைக்குள் இருந்தது மறுநாள் வாசிப்பு மட்டும்தான்.

ரொட்டியும் பால் டின்னும் வாங்க அம்மா என்னைத் தோட்டத்துக் கடைக்கு அனுப்பினாள். புத்தகத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனேன். மழை வலுத்ததால் கடை வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தூளிப் பக்கத்துச் சுவரில், கூரை வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக, வரிசை வரிசையாக என் புத்தகம். காற்று வரும்போது தாள்கள் லேசாக எழும்பி அடங்கின. பெட்டிமேல் நாள்காட்டி அட்டை மட்டும் கிடந்தது, என் பெயரோடு. பக்கத்தில், அப்பா தைத்த நூலை அறுக்காமல் உருவி ஒரு தீக்குச்சியில் சுற்றி வைத்திருந்தாள். நூலைக்கூட விடவில்லை பார், கஞ்சம் என்று நினைத்தேன்.

ரொட்டியைக் கீழே போட்டேன். ஒரு தாளின் நுனியைப் பிடித்து இழுத்தேன். வழக்கமாகச் சுவர்க் காகிதத்தை உரிக்க நகத்தால் சுரண்ட வேண்டும், பிய்ந்து பிய்ந்துதான் வரும். இது ஒரே இழுப்பில் முழுதாக வந்தது. அது கோபத்துக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. எட்டிய வரிசையெல்லாம் பிடித்து இழுத்தேன். கையில் வந்ததைக் கிழித்தேன். தம்பி விழித்துக்கொண்டு அழுதான். பசைச் சட்டியோடு அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"ஏ புள்ள, ஏ! நில்லு! கொஞ்சம் கேளு புள்ள, அத…"

"கேக்க மாட்டேன்! உனக்குப் படிக்கத் தெரிஞ்சாத்தானே அதோட அருமை தெரியும்!"

அம்மா பசைச் சட்டியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். தம்பியைத் தூக்கி என் மடியில் போட்டாள். பிறகு கீழே கிடந்த தாள்களை, கிழிந்தது கிழியாதது எல்லாவற்றையும் பொறுக்கினாள். சட்டியில் இருந்த பசையை அள்ளி அள்ளி ஒவ்வொரு தாளின் முதுகு முழுக்கப் பூசி, பலகையில் அறைந்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மேல் வரிசையில் நான் எட்டாமல் விட்டவற்றையும் இறக்கி, அப்படியே பூசி ஒட்டினாள். முடித்ததும் தம்பியை என்னிடமிருந்து வாங்கித் தூளியில் போட்டாள். சுவர் வழியாகத் துளிக் காற்று வரவில்லை.

மறுநாள் சாடின் இருந்தது. டின் என் முறை. நான் தொடவில்லை, அப்பாவும் தொடவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அப்பா சுவர்முன் போய் நின்றார். கடைசி அத்தியாயத்தைக் கண்டுபிடித்து, வெளியே தெரிந்த பக்கத்தை மனத்துக்குள் படித்தார். உப்பு வணிகரின் மகள் கப்பலிலிருந்து இறங்குகிறாள், கூட்டத்தில் யாரோ அவளைச் சின்ன வயதுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவள் திரும்பினாள் என்பதோடு பக்கம் முடிந்தது. "என்னாங்க ஆச்சு?" என்று அம்மா கேட்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த அண்ணன் கிடைத்தானா இல்லையா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

தம்பி நாலைந்து நாளில் தேறிவிட்டான். நான் அம்மாவோடு பேச ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. பேசினேனே தவிர மன்னிக்கவில்லை. ஊரை விட்டு ஈப்போவுக்கு வந்தோம், நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் கட்டினேன். எந்த விசேஷத்துக்குக் குடும்பம் கூடினாலும் இந்தக் கதையைச் சொல்வேன். மூட்டையோடு மூட்டையாக என் கோபத்தையும் கட்டி ஈப்போவுக்குக் கொண்டுவந்திருந்தேன் போலும். அம்மா எப்படி அறைந்து அறைந்து ஒட்டினாள் என்று நடித்தே காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் கத்திய அந்த ஒரு வரியை மட்டும் எந்த வருசமும் சொன்னதில்லை. அவளும் எடுத்துக்கொடுத்ததில்லை.

சில வருசங்களுக்கு முன் ஒரு தீபாவளி. தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு இழுப்போடு தூளியில் கிடந்த தம்பிக்கே இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். பாதியில், சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் கேட்டது.

"போதும்லா, நிறுத்து. நாப்பது வருசமா இதே பாட்டு." என் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "மேலாக்க ஒரு வெரக்கடதான்டி பசை வச்சேன். மறுபக்கம் மறுபக்கம்னு வருசா வருசம் உயிர எடுப்பியே, தூக்கித் தூக்கிப் படிச்சுக்கட்டும்னுதான் அப்படி ஒட்டுனேன். நாளைக்கு நீ படிக்கணுமே, நானும் கேக்கணுமேன்னு ஒட்டுனேன். ஒண்ணையாச்சும் தூக்கிப் பாத்தியா நீ?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

நான் தூக்கிப் பார்க்கவில்லை. ஆனால் முதல் தாளை இழுத்துக் கையில் எடுத்ததும் அதைத் திருப்பிப் பார்த்தேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஈரப் பசை. கீழே மறுபக்கம் முழுக்க எழுத்து, ஒரு சொட்டுப் பசை படாமல், சுத்தமாக. அதைப் பார்த்துவிட்டுத்தான், ஒழுங்காக ஒட்டக்கூடத் தெரியவில்லை இவளுக்கு என்று நினைத்தேன்.