போகிறவருக்குத்தான் காகிதம்

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன். நான் புதுசா வேலைக்கு வந்தவளாம்!”

சில வாரங்களுக்கு முன்பு, மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் புவனா கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரு கார்ட்டூன் ராக்கெட். அதன் கீழே மலாயில் வரவேற்பு — செலாமாட் டாத்தாங், புவனேஸ்வரி! உங்கள் நிலை: ஆரம்பம். முடித்த பயிற்சிகள்: பூஜ்யம்.

பதினைந்து வருடமாக ஒரே தொழிற்சாலையில், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு வரவேற்பு.

“ஏதாச்சும் தப்பா ஏறியிருக்குமாக்கா?”

தப்பா? இல்லவே இல்லை. உட்கார்ந்து யோசித்து, திட்டம் போட்டுச் செய்தது. அந்தத் திட்டம் பிறந்த அறையில் நானும் இருந்தேன். எதிர்த்துக் கேட்டும் பார்த்தேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எழுத்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாள்களில் ஜொகூரில் கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவு. யாருக்கு எந்தப் பயிற்சி, எப்போது, யார் சொல்லித்தருவது — எல்லாம் என் தலையில்தான். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். கோபத்தை மட்டும் மாற்றவில்லை.

சரி, அந்த அறைக்கு வாருங்கள்.

போன வருடம், ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல். தலைப்பு, ‘கற்றல் தொழில்நுட்ப வியூகம்’. வியூகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். நம் கதைகளில் வியூகத்துக்குள் போனவர்கள் கதி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஜொகூர் பாலம். பாலம் முழுக்க மோட்டார் சைக்கிள்கள், சிங்கப்பூரைப் பார்த்து. அந்த அறையைப் பிடித்த புண்ணியவான் யாரோ... கம்பெனி பாஸின் நாற்காலியை ஜன்னலைப் பார்த்தபடி போட்டிருந்தார்கள். எங்கள் வியூகத்தின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிட்டது.

நாங்கள் பேச வேண்டிய கேள்வி ஒன்றுதான். நம் ஆட்களுக்கு என்ன தெரிய வேண்டும், அதை எந்தக் கருவியை வைத்து நன்றாகச் சொல்லித்தரலாம்? பாஸ் ஜன்னலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். நம் காசில் படிக்கிறான், சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறான் என்று ஆங்கிலத்தில் புலம்பினார். அதோடு கேள்வியே மாறிப்போனது. எப்படிச் சொல்லித்தருவது என்பது போய், சொல்லித்தந்ததை வெளியே கொண்டுபோக விடாமல் எப்படித் தடுப்பது என்றாகிவிட்டது.

தினேஷ் எழுந்தார். எங்கள் பயிற்சிப் பிரிவின் மேனேஜர். கோலாலம்பூர்க்காரர். வயதில் எனக்குத் தம்பி, பதவியில் எனக்கு மேலே. இனிமேல் காகிதச் சான்றிதழே கிடையாது என்றார். எல்லாம் கைப்பேசியில், ஓர் ஆப்பில். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கங்கள். அந்தத் தங்கத்துக்கு எங்கள் வேலிக்கு வெளியே யாருக்கும் அர்த்தம் தெரியாது. ஆள் ராஜினாமா செய்த அன்றே கணக்கு மூடப்படும். அவர் படித்த சுவடே இருக்காது.

பாஸ் கைதட்டினார். வெளியிலிருந்து வந்திருந்த ஆலோசகர் இன்னும் பலமாகக் கைதட்டினார். அவருக்கென்ன, ஆப்பை விற்பதே அவர்தான்!

நான் கையைத் தூக்கினேன். “போறவங்கள விடுங்க தம்பி. இங்கயே இருக்கறவங்க இத்தன வருசம் வாங்கின சர்ட்டிபிகேட் என்னா ஆவும்?”

“அலமாக், அக்கா! இங்கயே இருக்கறவங்களுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்?”

அறையே சிரித்தது. தேநீரும் கறிபாப் பலகாரமும் வந்தன. வியூகம் நிறைவேறியது.

இதற்கும் புவனாவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

புவனா ரெங்கம் பக்கம் பிறந்து கூலாயில் வாழ்க்கைப்பட்டவள். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், அவர் திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். புவனாவுக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கும். இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு சம்பளமும் கிடைத்திருக்கும். அவள் போகவில்லை. “ரெண்டு பேரும் போய்ப் பாலத்துல நின்னா, பாப்பாவ யாருக்கா பாக்கறது?” என்பாள்.

ஆனால் இங்கேயும் அவளுக்கு மாறி மாறி ஷிப்ட். இரவு வேலை வாரங்களில் தாயும் மகளும் வாட்ஸ்அப்பில்தான் குடும்பம் நடத்துவார்கள். அதனால்தான் டெக்னீஷியன் வேலைமீது கண் வைத்திருந்தாள். அது பகல் வேலை மட்டும். அந்த இடம் காலியாகட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தாள். கம்பெனி நடத்திய பயிற்சி ஒன்றைக்கூட விட்டதில்லை. ஒருவழியாக இடமும் காலியானது. அறிவிப்பு வந்தது. தகுதி: ஆப்பில் தங்கப் பதக்கம்.

எந்த ஆப்? ராக்கெட்டைப் பறக்கவிட்டு அவளைப் பூஜ்யம் என்று சொன்னதே, அதே ஆப்.

தினேஷிடம் போனேன். பழைய பயிற்சிகள் ஏன் ஏறவில்லை?

“பழைய கோர்ஸ் எதுவும் புது லெவலோட மேட்ச் ஆகலக்கா. எல்லாரும் ஒரே கோட்டுல இருந்து ஆரம்பிக்கட்டுமே. அதான் ஃபேர். எப்ப வேணா படிக்கலாம், எங்க வேணா படிக்கலாம்...”

எங்கே வேண்டுமானாலுமா? உற்பத்திக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆப் இருப்பதோ கைப்பேசியில். ஆக, எங்கள் ஆட்கள் எங்கே வேண்டுமானாலும் கற்கலாம் — வேலை செய்யும் இடத்தைத் தவிர!

புவனா கம்பெனி பஸ்ஸில் படித்தாள். செம்பனைக் காட்டு வழியில் இணையம் அறுந்துபோகும். வீடியோ மறுபடியும் முதலிலிருந்து ஓடும். என்ன வீடியோ தெரியுமா? பாதுகாப்புக் கண்ணாடியை எப்படி மாட்டிக்கொள்வது என்று சொல்லித்தரும் வீடியோ. அவள் தினமும் மாட்டிக்கொள்கிற கண்ணாடி. அந்தப் பயிற்சியை அவளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததே நான்தான், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கியது. அவளுடைய பழைய சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு தினேஷின் மேசைக்குப் போனேன். எல்லாவற்றிலும் எங்கள் கம்பெனி முத்திரை. பாதிக்கு மேல் என் கையெழுத்து.

“சிஸ்டத்துல இல்லன்னா இல்லக்கா.”

“இது என் கையெழுத்து தம்பி. நான் முன்னால நின்னு சொல்றேன், போதாதா?”

“நான் உங்கள நம்புறேன் லா. சிஸ்டம் நம்பாதே?”

வேலை யாருக்குப் போனது? செனாய் பக்கம் வேறொரு தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருவருக்கு. நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வெளியாள்களுக்கு எங்கள் ஆப்பில் கணக்கு இருக்காது அல்லவா? அதனால் அவர்களிடம் காகிதச் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விதி. அவருடைய பழைய கம்பெனி ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தது. அதாவது, அடுத்தவன் முத்திரை குத்திய காகிதம் எங்களிடம் செல்லும். எங்கள் முத்திரை குத்திய காகிதம் எங்களிடமே செல்லாது!



மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். ஆள் போகக் கூடாது என்றால் நல்ல சம்பளம் கொடுக்கலாம். பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ஷிப்ட் கொடுக்கலாம். செய்த வேலையை, படித்த படிப்பை மதிக்கலாம். இதற்கெல்லாம் ஆப் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம், ஹோட்டல் அறை வேண்டாம். அதனாலேயே யாரும் கையைத் தூக்குவதில்லை போலிருக்கிறது.

புவனா அழவில்லை. “விடுங்கக்கா. இந்த வருசமும் பாப்பா பரிட்சைக்குப் போறப்ப நான் நைட்டுதான்” என்றாள். அவ்வளவுதான். மறுபடி இயந்திரத்துக்குப் போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் தினேஷ் கேக்கோடு வந்தார். ராஜினாமாவாம். எங்கே போகிறார் என்று கேட்கவும் வேண்டுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். பெரிய கம்பெனி. வேலையாள்கள் விட்டுப் போகாமல் தக்கவைக்கக் கற்றல் வியூகம் வகுக்கும் பதவி! எங்களிடம் பெற்ற அனுபவத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்களாம். நம் காசில் படித்தார், போகிறார். பாஸ் புலம்பியதில் தப்பே இல்லை, ஆளைத்தான் தப்பாகப் பார்த்துவிட்டார்.

கேக் வெட்டி முடித்ததும் தினேஷ் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, ஒரு லெட்டர் வேணும். இந்த ப்ராஜெக்ட்ட நான்தான் லீட் பண்ணேன்னு. கம்பெனி லெட்டர்ஹெட்ல, முத்திரையோட. நீங்க டைப் பண்ணிட்டா பாஸ் சைன் பண்ணிடுவாரு.”

“ஆப்புல இருக்குமே தம்பி? உங்களுக்குத் தங்கம்தானே?”

“அதெல்லாம் அங்க யாருக்குக்கா புரியும்? பேப்பர்தான் கேக்கறாங்க.”

முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. நான் குத்திக் காட்டுகிறேன் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் கசந்தது.

அடித்துக் கொடுத்தேன். என் வேலையாயிற்றே. ஆனால் அதே லெட்டர்ஹெட்டில் இன்னொரு கடிதமும் அடித்தேன். புவனேஸ்வரி இன்னின்ன பயிற்சிகளை எங்களிடம் முடித்திருக்கிறார் என்று நாலு வரி. இரண்டையும் பாஸின் முன்னால் வைத்தேன். தினேஷுடையதில் கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது. புவனாவுடையதை எடுத்துப் படித்தார்.

இவள் வேலையை விட்டுப் போகிறாளா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அப்புறம் எதற்கு என்று காகிதத்தை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டார்.

கேன்டீனுக்கு வந்து புவனாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ? எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்ட கடிதம், அவளுக்குத் தெரிய வேண்டும்.

தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அப்ப... போறேன்னு சொன்னாத்தான் பேப்பர் குடுப்பாங்களாக்கா?”

அவள் கைப்பேசியை எடுத்தாள். ராக்கெட் ஆப்பைத் திறக்கவில்லை. கணவரைக் கூப்பிட்டாள்.

“என்னாங்க, உங்க கம்பெனியில பொம்பளைங்கள எடுக்கறாங்களா? ... இல்ல, சும்மாதான் கேக்கறேன். ... பாப்பாவ அத்த பாத்துக்குவாங்களான்னு கேட்டு வைங்க.”

பதினைந்து வருடத்தில் எங்கள் கம்பெனி அவளுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கற்றுக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான்.