தெற்கு முகட்டில் ஒரு கறுப்புப் புள்ளி

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என் கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

1986 ஜூலை, ஆக்லாந்து. இலங்கையில் நான் நில அளவையாளன். இங்கே என் படிப்பு செல்லாது என்றார்கள். ஒரு வரைபட அலுவலகத்தில் பிரதி வரையும் வேலைதான் கிடைத்தது.

அன்று என் மேசையில் அண்டார்க்டிகாவின் ஒரு சிகரம். பெயர் கிடையாது, எண் மட்டும். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. தெற்கே மட்டும் கத்தி விளிம்பு போல ஒரு பனி முகடு. சுற்றிலும் நூறு மைலுக்குப் பனி. 1962இல் விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். இரட்டைக் கண்ணாடி வைத்துக் குனிந்து பார்த்தால் மலை அப்படியே எழுந்து நிற்கும்.

மாலை 5.40. வெளியே இருட்டிவிட்டது.

முகட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்கு நிழலும் இருந்தது. பனியில் படாமல் மிதந்தது...

பக்கத்து மேசை சோதிலிங்கம் அண்ணையைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"கல்லெண்டால் ரெண்டு படத்திலயும் ஒரே இடத்தில நிக்கும் தம்பி. இது அசைஞ்சிருக்கு. அதுதான் மிதக்குது."

"ஆளோ அண்ணை?"

"அங்க ஆர் இருக்கப் போகினம்... எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போய்விட்டார்.

5.52. மறுபடி குனிந்தேன். புள்ளி மேலே ஏறியிருந்தது.

டக்... டக்... பனியைக் கொத்தும் சத்தம். கண்ணாடிக்குள்ளிருந்து.

என் மூச்சு புகையாக வந்தது.

6.01. அது நிமிர்ந்தது.

கையசைத்தது.

என்னைப் பார்த்து.

வரைதாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு ஓடினேன்.

காலை 8.10. இரண்டு படங்களிலும் வெறும் பனி. மேலாளர் குறியைப் பார்த்து, "இது என்ன? எடுத்துவிடு" என்றார். விசாவுக்கு அவருடைய கடிதம் வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. பிளேடால் சுரண்டினேன். வரைபடம் அச்சாகிப் போனது.

1988இல் சோதிலிங்கம் அண்ணை ஒரு பத்திரிகையை என் மேசையில் விரித்து வைத்தார். அந்த முகட்டில் ஓர் உடல் கிடைத்திருந்தது. 1962இல் மலையேறும்போது கால் முறிந்த அவனை விட்டுவிட்டு இறங்கிய கூட்டாளிகள், ஜனவரி நான்காம் தேதியே அவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்துப் பதக்கமும் வாங்கியிருந்தார்கள். அவன் பையிலிருந்த குறிப்பேடு பத்தொன்பதாம் தேதி வரை போயிருந்தது.

படமெடுத்த விமானம் பறந்தது பதினோராம் தேதி. அன்று எழுதியதைப் பத்திரிகை பிதற்றல் என்று போட்டிருந்தது.

"விமானம் போய்விட்டது. வானத்தில் ஒரு பெரிய முகம் மட்டும் இன்னும் குனிந்து பார்க்கிறது. கறுத்த முகம். என்னைக் கண்டுவிட்டான். போய்ச் சொல்வான்."