எத்தனை இட்லி என்று யாரும் கேட்கவில்லை

ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஜப்பானிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயது பதினாறு. இரண்டு பெட்டி, ஒரு கிளாரினெட் பெட்டி, ஒரு குடை. டெக்சாஸில் எங்கள் ஊரான சுகர் லேண்டில் அந்த மாதம் பெய்த மழை மொத்தம் பதினோரு நிமிடம். குடை எதற்கு என்று யோசித்தேன். வெயிலுக்கு என்று இரண்டாம் நாள் தெரிந்தது. இந்த ஊர் வெயிலைப் பார்த்துவிட்டு நானும் ஒரு குடை வாங்கிக்கொண்டேன்.

இது என் மகள் வீடு. நான் இங்கே வந்து நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. அதற்கு முன் கோவையில் ஒரு நூற்பாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்திமூன்று வருஷம் வேலை. எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று தப்பாகப் போய்விடும் என்ற பயம் அங்கே பிடித்தது, இன்னும் விடவில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி எப்போதும் இருக்கும். ஏரியைச் சுற்றி எத்தனை அடி நடந்தேன், மாப்பிள்ளை ஃப்ரீவேயில் எத்தனை நிமிடம் மாட்டிக்கொண்டார், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் எல்லாம் அதில் ஏறும்.

வந்த பெண் ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவள். பத்து மாதம் ஓர் அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படிக்க வேண்டும். அவள் கையில் இருந்த காகிதத்தில் அமெரிக்கக் குடும்பம் என்று போட்டிருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். அவள் ஏமாந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் பேத்திக்கும் பதினாறு, அதே பள்ளி. எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்பிச்சி என்போம். பேத்தி அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு இவளும் கூப்பிட்டாள், கூடவே தன் ஊர் மரியாதையைச் சேர்த்துக்கொண்டு, அப்பிச்சி-சான் என்று.

அவள் டெக்சாஸைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் மார்ச்சிங் பேண்ட். கால்பந்து மைதானத்தில் இருநூறு பிள்ளைகள் வாசித்துக்கொண்டே நடந்து உருவங்கள் போடுவார்கள். ஐந்து கஜத்துக்கு எட்டுக் காலடி. ஒன்பதாவது அடி வைத்தால் பின்னால் வருகிறவன் முட்டிக்கொள்வான். அவள் எங்கள் டிரைவ்வேயில் சாக்பீஸால் கோடு போட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு பழகுவாள். நான் டேப் வைத்து அளந்தேன். கடைசிக் கோட்டில் முக்கால் அங்குலம்தான் பிசகு. பள்ளியில் முதல் மாதமே அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஊரை விட்டு ஒரு பெண் ஏழாயிரம் மைல் வந்தது அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

வீட்டில் அவள் வாழ்க்கை கடிகாரம் மாதிரி. ஐந்தரைக்கு எழுவாள். ஆறரைக்குப் பயிற்சி. மாலை ஆறே காலுக்குத் திரும்புவாள். ஏழு மணிக்கு மேஜையில் உட்கார்ந்து, கை கூப்பி, ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவாள். அங்கேதான் என் மகளுக்கு அவள் மேல் உயிராகிப் போனது.

என் பேத்தி அரை தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறவள். இந்தப் பெண் தட்டில் வைத்ததை ஒரு பருக்கை விடாமல் முடிப்பாள். முதல் வாரம் நாலு இட்லி. இரண்டாம் வாரம் ஐந்து. செப்டம்பர் கடைசியில் ஏழு.

"பாத்தியா?" என்று மகள் பேத்தியிடம் சொல்வாள். "கடல் தாண்டி வந்த புள்ளைக்கு என்ற சமையல் புடிக்குது. இங்கயே பொறந்தவளுக்குப் புடிக்கல."

"மாம், ஷி இஸ் ஜஸ்ட் பொலைட்" என்று பேத்தி போனிலிருந்து தலை தூக்காமல் சொல்வாள். அவள் அன்று சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

தட்டு காலியாகும். மகள் இன்னும் இரண்டு வைப்பாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "இட்ஸ் ஓகே" என்பாள். "ஓகேதானே, சாப்புடு சாமி" என்று மகள் சட்னியை ஊற்றுவாள்.

அக்டோபர் இரண்டாம் வாரம், புதன்கிழமை, திட்டத்தின் உள்ளூர்க் கோஆர்டினேட்டர் போன் செய்தார். அறுபது வயது மதிக்கத்தக்க அமெரிக்க அம்மாள். பள்ளியிலிருந்து தகவல் வந்திருக்கிறதாம். இந்தப் பெண் ஆறு வாரமாக மதியம் சாப்பிடுவதில்லை, நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். வயிற்று வலி என்று மூன்று முறை நர்ஸ் அறைக்குப் போயிருக்கிறாள். என்ன குறை என்று கேட்டால் எதுவுமில்லை என்கிறாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகவும், அவசியப்பட்டால் ஊருக்கு வடக்கே தயாராக இருக்கும் வேறொரு குடும்பத்துக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

வடக்கே என்றால் வேறு பள்ளி. வேறு பள்ளி என்றால் பேண்ட் போச்சு. நடு சீசனில் எந்தப் பள்ளியும் புது ஆளை மைதானத்தில் இறக்காது. அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கே போட்டிக்குப் போகிற பஸ் புறப்படுகிறது. அவள் முதல் போட்டி.

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏழு இட்லி சாப்புடற புள்ளைங்கப்பா! நான் பட்டினி போட்டேனாமா?"

"யாரும் அப்படிச் சொல்லல" என்றார் மாப்பிள்ளை.

"சொல்லாமச் சொல்றாங்க."

மறுநாள் பகல் முழுதும் நான் டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வாரக் கணக்கு இருந்தது. ஒவ்வொருவருக்கும் பரிமாறியது ஒரு வரிசை, மிச்சம் வைத்தது ஒரு வரிசை. மாப்பிள்ளைக்கு மிச்சம் சில நாள் உண்டு. எனக்கு உண்டு. பேத்திக்கு மிச்சம்தான் அதிகம். இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒன்பது வாரமும் மிச்சம் பூஜ்யம். நூலில் இப்படி வந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அளக்கிற கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். பசி ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். குறையவே இல்லை என்றால் அது அவள் பசியின் எண் இல்லை. என் மகள் கரண்டியின் எண்.

அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. அவள் வந்த புதிதில், கிளாரினெட் பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று கை நீட்டினேன். "இட்ஸ் ஓகே" என்றாள். சரி என்கிறாளாக்கும் என்று பெட்டியைப் பிடித்தேன். அவள் விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓகே என்றால் அவளுக்கு வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நம் ஆட்களிடம் ஒரு தடவை சொல்கிற வேண்டாம் செல்லாது. கோவையில் விருந்துக்குப் போனால் முதல் 'போதும்' மரியாதைக்கு, இரண்டாவது 'போதும்' வழக்கத்துக்கு. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் இலையை மறைத்தால்தான் பரிமாறுகிறவர் நகர்வார். அதோடு, காலியான இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது வீட்டுக்காரருக்குக் கேவலம். இந்தப் பெண்ணோ ஒரே தடவை, அதுவும் ஓகே என்று சொல்கிறாள். பிறகு தட்டைக் காலி செய்து வைக்கிறாள்.

வியாழன் இரவுச் சாப்பாடு இட்லி. ஆறரைக்கு, மகள் மாவை ஊற்றுவதற்கு முன், அந்தப் பெண்ணைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்தேன். டைரியில் புதுப் பக்கம் திருப்பி, ஓர் இட்லியை வரைந்து, பேனாவைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் கேட்டேன்: "அம்மா எத்தனை வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. உனக்கு எத்தனை வேண்டும்?"

அவள் 5 என்று எழுதினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை மாற்றவில்லை. அடித்துவிட்டு 4 என்று எழுதினாள். மறுபடி பார்த்தாள். அதையும் அடித்து 3. சுவர்க் கடிகாரத்தில் நாற்பது வினாடி ஓடியது. 3-ஐயும் அடித்து 2 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள்.

"மதியம் ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டேன்.

"மதியம் சாப்பிடாவிட்டால் இரவு தட்டைக் காலி செய்ய முடியும்" என்றாள். பாடத்தை ஒப்பிப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். அவள் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது. காலி செய்தால் முடிந்தது என்று அர்த்தம். இங்கே காலி செய்தால் திரும்ப வருகிறது. ஒருநாள் வராமல் நிற்கும் என்று காத்திருந்தாளாம்.

"வேறு வீட்டுக்குப் போக வேண்டுமா?"

இல்லை என்று தலையை மூன்று தடவை ஆட்டினாள். "பேண்ட்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ரசம்" என்றாள்.

மகள் அடுப்பருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ரெண்டா?" என்றாள். "ஏனுங்கப்பா, ரெண்டு இட்லி ஒரு சாப்பாடுங்களா?"

"அவளுக்கு அதுதான்."

"ஒரு நாள் சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன பேயா?"

"சொல்லிட்டுத்தான் இருந்தா. நமக்குக் கேக்கல."

"அப்ப நான் ஸீரோ" என்றாள் பேத்தி. "கேக்கறது மட்டும்தான்னா, ரூல் எல்லாருக்கும்தானே?"

"உனக்கு அந்த ரூல் கிடையாது" என்றாள் மகள். நேற்று முதல் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். ஆனால் அன்றிரவு இரண்டு இட்லியை வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கோஆர்டினேட்டர் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கே வந்துவிட்டார். நான் தயாராக இருந்தேன். டைரியை அவர் முன் விரித்து வாரவாரியாக விளக்கினேன். என்னிடம் ஆதாரம் இருந்தது, பிசகு இல்லாத ஆதாரம். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். முகம் இறுகியது.

"சார், இந்தப் பெண் சாப்பிடுவதையெல்லாம் நீங்கள் எழுதி வைக்கிறீர்களா?"

அந்தக் குரலில்தான் எனக்கு உறைத்தது. ஒரு கிழவன் அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் சாப்பாட்டைத் தினமும் எண்ணி எழுதுகிறான். அவருக்கு அது ஆதாரமாகத் தெரியவில்லை, அவள் மதியம் பட்டினி கிடப்பதற்குக் காரணமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் சாப்பிடுவதை எழுதுகிறேன்" என்று சொல்லி முன் பக்கங்களைத் திருப்பினேன். மாப்பிள்ளையின் தோசைகள். என் மாத்திரைகள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தெளிப்பான் சுற்றுகிற நிமிடங்கள். ஏரியில் போன மாதம் இருந்த வாத்துகள், முப்பத்தொன்று. பெட்டியில் இருந்த மற்ற மூன்று வருஷ டைரிகளையும் கொண்டுவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், சற்று அவசரமாக.

இதற்குள் மகள் பணியாரத்தோடு வந்துவிட்டாள். அவளால் ஒரு மனுஷியை வெறும் வயிற்றோடு நாற்காலியில் பார்க்க முடியாது. ஐந்து பணியாரம் வைத்தாள். அந்த அம்மாள் மரியாதைக்கு ஒன்றைக் கடித்தார், பிறகு ஐந்தையும் சாப்பிட்டார். மகள் மூன்று வைத்தாள்.

"ஐ ஆம் குட்" என்றார் அவர்.

அதற்குப் போதும் என்று அர்த்தம் என்பது மகளுக்கு ஆபீஸில் தெரியும். கையில் தட்டு இருக்கும்போது தெரியாது. "தேங்க் யூ" என்று இன்னும் இரண்டு வைத்தாள். அந்த அம்மாள் தட்டில் மறுபடியும் சேர்ந்துவிட்ட ஐந்து பணியாரத்தைப் பார்த்தார், என் டைரியைப் பார்த்தார், எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வாரத்தில் சத்தத்தோடு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"இப்போது புரிகிறது" என்று கோஆர்டினேட்டர் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

அப்புறமும் அவர் தன் வேலையைச் செய்தார். அந்தப் பெண்ணோடு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருபத்தாறு நிமிடம் பேசினார். அந்த இருபத்தாறு நிமிடமும் மகள் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள். நான் கூடத்தில் நின்றேன். உட்கார முடியவில்லை.

கீழே வந்ததும் சொன்னார்: பெண் இதே வீட்டில் இருப்பாள். மதியம் பள்ளியில் சாப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை அவர் போன் செய்வார். இனி அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளைக் கேட்டுத்தான் பரிமாற வேண்டும். எந்தக் கிழமை போன் செய்வார் என்று நான் கேட்டேன். திங்கள் என்றார். எத்தனை மணிக்கு என்றேன். மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார்.

மணி பதினொன்று நாற்பது. அந்தப் பெண் பேண்ட் உடுப்புப் பையோடு மாடியிலிருந்து ஓடி வந்தாள். பஸ்ஸில் கொண்டுபோக மகள் இட்லி வேகவைத்திருந்தாள். டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நின்றாள்.

"எத்தனை சாமி?" என்று தமிழிலேயே கேட்டாள்.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. நாலு விரலைக் காட்டினாள். பஸ் பயணம் ரொம்ப தூரம், போட்டி முடிய இருட்டிவிடும் என்றாள்.

"பாத்தீங்களாப்பா, நாலு!" என்று மகள் என் பக்கம் திரும்பினாள். ஒன்பது வாரமும் தான் வைத்ததுதான் சரி என்கிற தோரணை.

டப்பாவை வாங்கி எண்ணிப் பார்த்தேன். ஐந்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டு, மூடியை அழுத்தி மூடி, அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.