பூனைக்கு ஒரு ரஷ்யப் பெயர்

ஜெலுத்தோங் பாசாரில் மீன் கடைக்குக் கீழே கிடந்த குட்டியை நான்தான் தூக்கி வந்தேன். சாம்பல் நிறம், கத்தினால் ஊரே கூடிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன், இதற்கு ரஷ்யப் பெயர்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? மீனுன்னு கூப்பிட்டா வராதா?" என்றார் கணவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ காதுல விழப்போகுது லா" என்றார்.

விழட்டும் என்றுதான் சொன்னேன். மருத்துவம் படிக்க ரஷ்யா போன எங்கள் மகள், உடம்பும் மனமும் ஒத்துவராமல் பாதியில் திரும்பி ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நாட்டின் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. "டாக்டரம்மா எப்ப வந்தீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, அவள் கோயிலுக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டாள். பேசாமல் விட்டால் சரியாகிவிடும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எனக்கு அலுத்துவிட்டது. என் பிள்ளை ஒன்றும் திருடிவிட்டு வரவில்லை.

மறுநாள் காலை குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். போனில் தேடிப் பிடித்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஓல்கா. ஸ்வெத்லானா. அவள் ரொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நானும் விடுவதாக இல்லை. நடாஷா என்றேன்.

"அம்மா, போதும் லா!" கோபம்தான். ஆனால் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கலீனான்னு வைங்கம்மா."

"யாரும்மா அது?"

"ஹாஸ்டல்ல கூட்டிப் பெருக்குறவங்க. நான் எழுந்திரிக்காமலே கிடந்தப்ப, சூப் கொண்டாந்து ஊட்டிவிட்டாங்க."

என் பிள்ளைக்கு ஊட்டியவளின் பெயர்கூட இத்தனை நாள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தப் பெயரை ஏனோதானோவென்று வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். குழந்தைக்குச் செய்கிற மாதிரியே குட்டியின் நாக்கில் துளி பால் தொட்டுவைத்து, அதன் காதில் மூன்று முறை "கலீனா" என்று கூப்பிட்டேன். அது என் கையைப் பிறாண்டிவிட்டுக் கத்தியது.

அடுத்த வீட்டுப் பெண் கம்பிக்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பூனைக்குப் பேர் வைக்கிற விசேஷமா? இது என்ன பேரு, கேட்டதே இல்லையே."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ரஷ்யப் பேரு ஆன்ட்டி. நான் அங்கதான் படிச்சேன். முடிக்கல, பாதியிலயே வந்துட்டேன்."