அட்டையில் ஒரு வரி

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. எட்டரைக்குத் தீவின் ஹேடோ துறைமுக அலுவலகம் போய், கப்பல் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்த்தேன். மறுநாள் சிகிச்சைக்காகச் சென்னை போகும் அலுவலக நண்பருக்கு எல்லோரும் எழுதித் தரும் வாழ்த்து அட்டை மாலையில் என்னிடம் வந்தது. வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் ஆங்கிலத்தில் 'கெட் வெல் சூன்' என்றே எழுதியிருந்தார்கள். நண்பர் பிழைப்பது கடினம் என்பதை, அவருக்குத் தெரியக் கூடாது என்று சொல்லி, அவர் மனைவி என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

பொய்யாக அதையே எழுதக் கை வரவில்லை. 'டேக் கேர்' என்றால் குணமாவதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று யோசிப்பார். 'ஆல் த பெஸ்ட்' விடைகொடுப்பது போலிருந்தது. அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு நண்பரே போன் செய்தார்.

"அரே, நீ மட்டும் எழுதலையாமே? என்னய்யா யோசனை? என் சங்கதி ஏதும் தெரியுமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். காலையில் எழுதிவிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும், பல் துலக்கும் முன்பே, 'கெட் வெல் சூன்' என்று எழுதினேன்.